10 கம்ப்யூட்டர், 30 பேர்: லைசென்ஸ் எத்தனை?

வாசகர் கேள்வி: ஆபீஸில் 10 கம்ப்யூட்டர்கள், ஒரு விண்டோஸ் சர்வர். மூன்று ஷிப்டில் 30 பேர் வேலை பார்க்கிறோம். யூசர் லைசென்ஸ் 10 வாங்கினால் போதுமா? எல்லாருக்கும் பொதுவாக ஒரே லாகின் கொடுத்துச் சமாளிக்கலாமா?

யூசர் லைசென்ஸ்தான் என்று முடிவு செய்தால் 30 வாங்க வேண்டும். ஒரு நேரத்தில் 10 பேர்தானே உள்ளே இருக்கிறோம் என்ற கணக்கு இங்கே எடுபடாது, ஏனென்றால் சர்வருக்கான யூசர் சிஏஎல் (CAL, சர்வரைப் பயன்படுத்துவதற்கான லைசென்ஸ்) ஆளோடு சேர்ந்தது, அவர் ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கினாலும் அது அவருடையதுதான். காலை ஷிப்ட்காரருடையதை மாலை ஷிப்ட்காரருக்கு மாற்றிக்கொண்டே இருக்கவும் முடியாது. ஒருமுறை கொடுத்தால் பொதுவாக 90 நாள் கழித்துத்தான் மாற்றலாம். வேலையை விட்டுப் போனவர், விடுப்பில் இருப்பவர் விஷயத்தில் மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் உங்களுக்கு யூசர் லைசென்ஸ் எதற்கு? ஆளுக்குப் பதில் கம்ப்யூட்டரோடு சேர்ந்த டிவைஸ் சிஏஎல் 10 வாங்குங்கள். அந்த 10 கம்ப்யூட்டரில் யார் வந்து உட்கார்ந்தாலும் செல்லும். ஆளுக்கொரு லேப்டாப், போன், வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலிருந்தும் சர்வரைத் தொடுகிறவர்களுக்குத்தான் யூசர் வகை லாபம். இரண்டையும் கலந்தும் வாங்கலாம், அதிகம் அலைகிற மேனேஜருக்கு மட்டும் யூசர் என்பதுபோல.

பொது லாகின் யோசனையை விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எண்ணுவது ஆட்களை அல்லது மெஷின்களை, லாகின் பெயர்களை அல்ல. நடுவில் ஒரு வெப் அப்ளிகேஷனை வைத்து, அது ஒரே கணக்கில் டேட்டாபேஸுக்குப் போனாலும் எண்ணிக்கை குறையாது. இதில் சிக்கல் என்னவென்றால் சாதாரண சிஏஎல்லை சர்வர் எண்ணிப் பார்த்துத் தடுப்பதில்லை, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆடிட் வரும்போதுதான் தெரியும்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது சர்வரின் திரையையே உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து வேலை செய்தால் கதை வேறு. அதற்குத் தனி ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சிஏஎல், சாதாரண சிஏஎல்லுக்கு மேல் கூடுதலாக. முதல் 120 நாள் சலுகைக் காலம் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஒருநாள் காலையில் யாராலும் உள்ளே நுழைய முடியாது.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் "ஒரே நேரத்தில் 10 பேர்" முறைக்கு ஃப்ளோட்டிங் லைசென்ஸ் என்று பெயர். லைசென்ஸ் சர்வர் ஒன்று, சாப்ட்வேரைத் திறக்கும்போது கொடுத்து மூடும்போது வாங்கிக்கொள்ளும். 11வது ஆள் காத்திருக்க வேண்டும். பொறியியல் மென்பொருள்களில் இது இன்னும் இருக்கிறது, ஆனாலும் ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்டிலேயே இந்த வகையில் புதிய சந்தா விற்பதை நிறுத்தி ஆளுக்கு ஒன்று என்ற முறைக்கு மாறிவிட்டது. வாங்கும் முன் விற்பவரிடம், எண்ணுவது ஆளையா, மெஷினையா, ஒரே நேர இணைப்பையா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.