பதில்: கேமராவில் ஓநாய், மானைக் காணோம்

வணக்கம் நண்பரே. அமெரிக்காவோட வட மினசோட்டாவுல, காட்டுல நீங்க கட்டின கேமராவில் 3 ஓநாய் பதிவானதுலேர்ந்து ஒரு வாரமா மானே வரலைன்னு எழுதியிருந்தீங்க. மான் வேட்டைக்குக் கட்டின பரணை அவசரப்பட்டுப் பிரிக்காதீங்க. ஓநாய்க் கூட்டம் 100 சதுர கிலோமீட்டருக்கு மேல சுத்தும், ஒரே இடத்துல தங்காது. மான் காட்டைவிட்டுப் போகலை. நேரத்தையும் தடத்தையும் மாத்தியிருக்கும். கேமராவைப் பாதையோரத்துலேர்ந்து எடுத்து, சீடர் மரச் சதுப்போட ஓரத்துல கட்டிப் பாருங்க.

அதுக்கு முன்னாடி சேத்துல கால்தடத்தை அளந்துடுங்க. 4.5 அங்குல நீளம்னா ஓநாய், 2.5 அங்குலம்னா கயோட்டி (ஓநாய் மாதிரியே இருக்கிற சின்ன காட்டு நாயினம்). ராத்திரி எடுத்த படத்தை நம்பி நானே ஏமாந்திருக்கேன்!

ஓநாயைச் சுடலாமான்னு கேட்டீங்களே, கூடவே கூடாது. 2022 பிப்ரவரி நீதிமன்றத் தீர்ப்புக்கப்புறம் அங்கே ஓநாய் மறுபடி மத்திய அரசுப் பாதுகாப்புல இருக்கு. மனுஷ உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் விலக்கு. மான் வரலைங்கிறது அதுல சேராது.