ஒரு குளிசைதானே, கூடினால் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவும் பிரஷரும். கிளினிக்கில் தருகிற குளிசை ஒரு மாதம் ஒரு நிறம், அடுத்த மாதம் வேறு நிறம். "ஒண்டுதானே போடச் சொன்னவை" என்று கையில் வருவதைப் போட்டுக்கொள்கிறார். அளவு கொஞ்சம் கூடிக் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்:

சில மருந்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சில மருந்துக்கு உயிரே போகும். எது எந்த வகை என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் உங்கள் அம்மாவை அப்படியே விடாதீர்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். அப்படியிருந்தும் இது என் வீட்டிலேயே நடந்தது.

2022ஆம் ஆண்டு, மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். கிளினிக்கில் இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அம்மா அதுவரை நீரிழிவுக்கான கிளிக்லசைட் 40 மில்லிகிராம் குளிசை காலையில் ஒன்று போட்டு வந்தவர். வெளியில் 80தான் கிடைத்தது. "பாதியா உடைச்சுப் போடச் சொல்லுங்கோ" என்று வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கப் போனது பக்கத்து வீட்டுப் பெடியன். குளிசை வந்து சேர்ந்தது, சொன்ன சொல் வந்து சேரவில்லை. அம்மா அதைப் பழைய கிளினிக் உறைக்குள் கொட்டி வைத்தார். அந்த உறையில் "காலை 1" என்று எழுதியிருந்தது.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தது. திங்கட்கிழமை, அம்மா விரதம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு லீவில் வந்த நான் பதினொரு மணி போலக் குசினிப் பக்கம் போனால், அம்மா வாசற்படியில் சாய்ந்து இருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது, கை ஐஸ் மாதிரி. என்னைப் பார்த்து "அண்ணை, மாடு கட்டினியே?" என்று கேட்டார். அவருடைய அண்ணன் செத்துப் பதினைந்து வருடம்.

மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். இரத்தத்தில் சீனி 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். கால் மணித்தியாலத்தில் 82க்கு ஏறியது, பேச்சும் தெளிந்தது. "ஒரு குளிசைதானே தம்பி எழுதியிருக்கு, நான் ஒண்டுதான் போட்டனான்" என்றார். அவர் சொன்னது சரிதான். எழுதியிருந்தபடிதான் போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பிழை விடுகிறார்கள். ஆள் எழும்பிவிட்டார், இனிப் பயமில்லை என்று விட்டுவிடுவார்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரியான குளிசைகள் பல மணித்தியாலம் உடம்பில் நின்று வேலை செய்யும். சீனித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும், குளிசை தீராது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து ஏற்றினேன். வார்ட்டில் பின்னேரம் மறுபடியும் 51க்கு இறங்கியது. ஒரு நாள் முழுக்கக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். வீட்டில் படுக்க வைத்திருந்தால் நித்திரை கொள்கிறார் என்றே நினைத்திருப்போம்.

அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் கிரியேற்றினின் கூடியிருந்தது தெரிந்தது. அது கூடினால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த வகைக் குளிசையில் சீனி இறங்கும் ஆபத்து அதிகம். மெற்போமின் என்கிற நீரிழிவுக் குளிசைக்கும் அப்படித்தான் கணக்கு உண்டு. சிறுநீரகம் வேலை செய்யும் அளவு (eGFR) 45க்குக் கீழே வந்தால் குறைக்கப் பார்ப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்றைக்குக் கூடிப்போகலாம். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் இருக்கிற ஊர்கள் உண்டு. தொடக்கத்தில் அந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது. அருவி வெட்டு முடிந்து முதுகு நோவுக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபெனாக்கைக் கடையில் வாங்கி நாட்கணக்காகப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

குறைந்தாலும் கேடுதான். மலேரியா இருந்த காலத்தில் வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பிரிமாக்குயின் ஞாபகம் இருக்கும், 14 நாள் போடவேண்டியது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோம். ஈரலுக்குள் ஒளிந்திருந்த கிருமி மாதங்கள் கழித்து மறுபடி காய்ச்சலாக வரும். 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் பாதியில் நிறுத்தும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை, இப்போது அன்ரிபயோற்றிக்கில் அதைப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் விஷயமும் சொல்லவேண்டும். பெரசிற்றமோல் பாணியை வயதைப் பார்த்து ஊற்றாதீர்கள், நிறையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 150. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் கிட்டத்தட்ட ஆறு மில்லிலீற்றர். 250 உள்ள பாணியும் இருக்கிறது. அதில் அதே ஆறை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். குசினிக் கரண்டி வேண்டாம், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று கொடுத்தால் ஈரல் பழுதாகலாம். அது டெங்குவாக இருந்தால் இன்னும் மோசம். (எல்லாமே நிறைக் கணக்கும் இல்லை. பாம்புக் கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஏற்றிய விஷம் ஆளைப் பார்த்துக் குறையாதே.)

என் யன்னலில் நான் ஆகப் பயப்படுகிற மருந்து மெதோற்றெக்சேற். மூட்டு வாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடவேண்டியது. கூடவே தருகிற போலிக் அசிட்டும் மஞ்சள் நிறச் சின்னக் குளிசை. ஒன்றை மற்றதென்று நினைத்துத் தினமும் போட்டால் எலும்பு மச்சையே பழுதாகி ஆள் இறந்துபோகலாம். அந்த உறையில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி, வாங்குகிறவர் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பேன். பின்னால் வரிசை நீண்டு சனம் ஏசினாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். வீட்டில் இருக்கிற பழைய உறைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். புதுக் குளிசையைப் பழைய உறைக்குள் ஒருநாளும் கொட்ட விடாதீர்கள். மருந்து வாங்கும்போது "எத்தனை குளிசை?" என்பதோடு "எத்தனை மில்லிகிராம்?" என்றும் கேட்டு, கிளினிக் கொப்பியில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. உறையில் எழுதியது விளங்காவிட்டால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாகக் கிரியேற்றினின் எப்போது பார்த்தது என்று கொப்பியில் தேடுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மா விரதம் பிடிக்கிறவர் என்றால் கந்தசஷ்டிக்கு முன்னமே டொக்டரிடம் போய், அந்த ஆறு நாளும் எந்தக் குளிசையை எப்படிப் போடுவது என்று எழுதி வாங்குங்கள். என் அம்மா இப்போதும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம்தான். அன்றைக்குக் காலைக் குளிசையை விடச் சொல்லி டொக்டர் கொப்பியில் எழுதியிருக்கிறார்.