மருத்துவம் படித்தவள் நிர்வாகத்துக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டுப் பயிற்சியும் முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு மருத்துவமனை நிர்வாகம் எடுக்கப்போகிறேன் என்கிறாள். 'டாக்டருக்குப் படிச்சிட்டு கணக்கு எழுதவா போறா?' என்று சொந்தபந்தம் கேட்கிறது. தடுக்கலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: தடுக்காதீர்கள் அம்மா.

திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம் இருக்கிறதல்லவா? அதை 1947-இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து தொடங்கிய டாக்டர் சௌந்தரம், மதுரை டி.வி.எஸ். வீட்டுப் பெண். இளவயதிலேயே முதல் கணவரை இழந்தவர். அதற்குப் பிறகுதான் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் மருத்துவரானார். வைத்தியத்தோடு நின்றிருந்தால் அவரிடம் வந்தவர்கள் மட்டும் பிழைத்திருப்பார்கள். அவர் நிறுவனம் கட்டினார். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனைக்கு இன்றும் கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு வருகிறார்கள்.

நிர்வாகம் வெறும் கணக்கு இல்லை. அறுவைக் கருவிகளையும் துணிகளையும் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அறையையே பாருங்கள். 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், துணி சுற்றிய கட்டுகளுக்கு 30 நிமிடம் வேண்டும். துணி வைக்கும் உலோக டிரம்மில் துணியைத் திணித்து அடைத்தாலோ, அதன் பக்கத்துத் துளைகளைத் திறக்க மறந்தாலோ உள்ளே காற்று தங்கிவிடும். நீராவி நடுவரை போகாது. மேலே ஒட்டிய டேப் மட்டும் நிறம் மாறிக் கறுத்திருக்கும். வெளியே சூடு பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி, உள்ளே கிருமி செத்தது என்பதற்கு அல்ல. கட்டு ஈரமாக வெளியே வந்தால் மறுபடி கிருமி ஏறும். சிசேரியன் தையல் சீழ் பிடித்தால் எல்லோரும் அறுத்த டாக்டரைத்தான் பார்ப்பார்கள். இந்த அறைக்குள் போய்ப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல நிர்வாகி. அதற்கு மருத்துவம் தெரிந்த கண் வேண்டும்.

மருந்துக் கிடங்கும் அப்படித்தான். பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் குறையும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மருந்து நாளைக்கு 20 செலவாகிறது, சரக்கு வர 7 நாள் ஆகும் என்றால், கையிருப்பு 140 இருக்கும்போது ஆர்டர் எழுதினால் போதாது. லாரி தாமதத்துக்கு 3 நாள் சேர்த்து, 200 ஆனதுமே எழுத வேண்டும். காலாவதி தேதி முந்தி வரும் மருந்தை முன் வரிசையில் வைத்து முதலில் எடுக்க வேண்டும்.

படிப்பில் இரண்டு வழி உண்டு. எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் மூன்றாண்டு, எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு மட்டும், நுழைவுத் தேர்வு உண்டு. எம்.எச்.ஏ. என்னும் மருத்துவமனை நிர்வாக முதுகலைப் பட்டம் இரண்டாண்டு, எந்தப் பட்டதாரியும் சேரலாம். உங்கள் மகளுக்கு எம்.டி.யே பொருந்தும். ஆனால் உடனே வேண்டாம். ஒன்றிரண்டு ஆண்டு பிரசவ வார்டு உள்ள மருத்துவமனையில் இரவுப் பணியோடு வேலை பார்க்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கிடைக்காமல் ஒரு நர்ஸ் எந்தெந்தக் கதவைத் தட்டுகிறார் என்று அங்கேதான் தெரியும்.