தையல் போட்ட பிறகு வரும் இரவுகள்

பெரிய ஆபரேஷன் முடிந்து நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பாம்பனில் இருந்து சாயல்குடி வரை எல்லோர் கடிதத்திலும் அடியில் ஓடுவது ஒரே கவலைதான்: டாக்டர் தூரத்தில் இருக்கிறார். பெரிய ஆபரேஷன் நடக்கும் மதுரை, ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராத்திரி பதினோரு மணிக்கு நாய் சரிந்தால் வண்டி பிடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் நம் கரையில் இருப்பவர்கள் "போகலாமா, வேண்டாமா" என்ற முடிவைப் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கீழே சொல்லும் பதில்கள் எல்லாமே அதை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

எங்கள் மணி தங்கூஸோடு (தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு) தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டான். மதுரையில் வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தான், கஞ்சி குடித்தான். மூன்றாம் நாள் இரண்டு தடவை வாந்தி. சுருண்டு படுத்துவிட்டான். மருந்துச் சூடு என்கிறார்கள். காத்திருக்கலாமா? (பாம்பன்)

உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன், தம்பி. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது மருந்துச் சூடு இல்லை.

குடலில் போட்ட தையல் முதல் சில நாட்கள் நூலின் பலத்தில் மட்டும்தான் நிற்கிறது. வெட்டுப்பட்ட ஓரத்தை உடம்பே கரைத்துச் சுத்தம் செய்யும். புதுச் சதை வளர்ந்து பிடிப்பதற்கு அதற்குப் பிறகும் நாளாகும். இந்த இடைவெளி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. தையல் விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். தங்கூஸ் விழுங்கிய நாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல். நரம்பின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருக்குப்பை மாதிரி சுருங்கி ஏறும். நரம்பு ரம்பம் போல உள்ளிருந்து அறுக்கும். ஓட்டை பல இடத்தில் விழலாம். (வாயிலோ ஆசனவாயிலோ தங்கூஸ் தொங்குவதைப் பார்த்தால் யாரும் இழுக்காதீர்கள். இழுத்த இழுப்பில் குடல் கிழிந்து வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.)

மயக்க மருந்தின் குமட்டலில் முதல் நாள் ஒன்றிரண்டு தடவை வாந்தி வரலாம். ஆனால் நன்றாகத் தேறி வந்த நாய் மூன்றாம் நாள் திரும்பச் சோர்ந்தால், குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிகிறதோ என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வயிற்றைத் தொட்டால் விறைக்கும். முன்னங்காலை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்கும். காய்ச்சல் இருக்கலாம், நிலைமை முற்றினால் உடம்பு சில்லிட்டும் போகும். அதனால் "காய்ச்சல் இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, "நாய் கொஞ்சம் மந்தமா இருக்கு சார்" என்றார். குடல் ஆபரேஷன் ஆகி நான்காம் நாள். காலையில் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினேன். காலையில் அவர் மட்டும் வந்தார். அந்த "கொஞ்சம் மந்தம்" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை.

மணிக்கு மறுபடி வயிற்றைத் திறந்து கழுவித் தைத்திருக்கிறார்கள். இந்த முறை ஆறாம் நாளைத் தாண்டிவிட்டான் என்று உங்கள் தங்கை எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

நான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகில் போய்விடுவேன். வீட்டில் அம்மா மட்டும். ஆபரேஷன் ஆன நாயிடம் அம்மா எதைப் பார்க்க வேண்டும்? (ராமேஸ்வரம்)

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். காலையும் மாலையும் அம்மா மூன்றே விஷயம் எழுதினால் போதும்.

ஈறு: மேல் உதட்டைத் தூக்கி விரலால் அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையைத் தாழ்த்தி உள்பக்க நிறத்தைப் பார்க்கலாம். வெளிறியிருந்தாலும் செங்கல் நிறத்தில் இருந்தாலும் உடனே போன்.

மூச்சு: தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. வாந்தி எடுத்த நாய்க்கு இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருக்கலாம்.

சூடு: டிஜிட்டல் தெர்மாமீட்டரில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது. 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரியான அளவு. மனிதக் கணக்கில் 101 என்றதும் அம்மா பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதோடு, எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது என்று ஒரு வரி. பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கர்ப்பப்பையில் சீழ் என்று ராணிக்கு ஆபரேஷன் செய்தோம். ஐந்தாம் நாள் தையலுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீக்கம். ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாமா? (தேவிபட்டினம்)

வேண்டாம். தோலுக்கும் சதைக்கும் நடுவில் நிணநீர் சேர்ந்திருக்கலாம். தொட்டால் தண்ணீர்ப் பை போல இருக்கும், வலிக்காது, சூடு இருக்காது, ராணியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். துள்ளி ஓடும் நாய்களுக்கு இது சாதாரணம். இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றும். ஊசி குத்தினால் கிருமியை நாமே உள்ளே அனுப்பியதாகும்.

சூடாக, சிவந்து, வலியோடு இருந்தால் சீழ். அதை டாக்டர்தான் திறக்க வேண்டும். மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது: உள் தையல் விட்டுக் குடல் தோலுக்கடியில் இறங்கியிருப்பது. எது என்று கையால் தொட்டு உறுதியாகச் சொல்ல உங்களால் முடியாது. அதனால் அன்றைய பகலிலேயே காட்டுங்கள். தோலும் பிரிந்து குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் சலைனில் சுத்தமான துணியை நனைத்துச் சுற்றி, நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ராணி இன்னும் நிறையத் தண்ணீர் குடிக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சீழின் நச்சு சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் அப்படி இருக்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒரு வாரத்தில் ரத்தம் எடுத்து யூரியா, கிரியாட்டினின் பாருங்கள்.

வலி தாங்காமல் அழுகிறது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா? (உச்சிப்புளி)

கூடாது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெலாக்ஸிகாம் நாய்க்கும் உண்டுதான். ஆனால் பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு 1 மில்லிகிராம் அளவுதான் வரும். மனிதர் மாத்திரை ஒன்றில் 15 மில்லிகிராம் வரை இருக்கும். அதில் கால் பங்கே கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டாக்டரிடம் "வலி அடங்கவில்லை" என்று சொல்லி மருந்தை மாற்றிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

சாப்பிட மறுக்கிறது. மாமியார் மீன் குழம்புச் சோறு பிசைந்து கொடுத்தால் சாப்பிடும் என்கிறார். (தங்கச்சிமடம்)

மாமியாருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது: வாசனைதான் நாயைச் சாப்பிட வைக்கும். குழம்பு மட்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆபரேஷனில் ரத்தம் இழந்த நாய்க்கு அது இரட்டை அடி. பாறை மீனை உப்பு, புளி, காரம் எதுவும் இல்லாமல் அவித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழைந்த சோற்றோடு வெதுவெதுப்பாகக் கொடுங்கள். கருவாட்டை நினைக்கவே வேண்டாம், அவ்வளவு உப்பு.

எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஓய்விலிருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி கிடைக்கும். இருபது கிலோ நாய்க்கு 670. முதல் நாளே அவ்வளவும் கொடுக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ஐந்தாறு வேளையாகப் பிரித்து, இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு வாருங்கள். சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சாதீர்கள், புரையேறும். மூன்று நாளாக எதையும் தொடவில்லை என்றால், மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

நான்கு நாளாக மலம் போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? (பெரியபட்டினம்)

வேண்டாம். பட்டினி, வலி மருந்து இரண்டாலும் நான்கு நாள் ஆவது வழக்கம்தான். வாந்தி இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொறுங்கள். முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டால், அடைபட்டிருப்பது சிறுநீரா என்று பாருங்கள்.

எங்களுடையது மண்டை நாய், ராமநாதபுரத்து நாட்டு இனம். ஈ.சி.ஆரில் வண்டி அடித்துப் பின்னங்காலை எடுத்தாயிற்று. தையலில் ரத்தம் கசிவது நிற்கவில்லை. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். (சாயல்குடி)

அந்தப் புள்ளிகளைக் கவனித்து எழுதியது பெரிய உதவி. உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமி உடம்பில் சத்தமில்லாமல் இருந்து, ஆபரேஷனால் உடம்பு தளர்ந்ததும் தலைதூக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் கசிவு நிற்பது கடினம். இன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதினால் வழக்கமாக நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கும், அதனால் சோற்றோடு கொடுங்கள். உண்ணி நாய்மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் விரிசலிலும் கூரை ஓலையிலும்தான் முட்டையிடும், அங்கேயும் மருந்தடிக்க வேண்டும்.

கால் போன நாயை மணலில் படுக்க வைக்காதீர்கள். மணல் தையலில் ஏறும், ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். சாக்கின்மேல் பழைய நூல் சேலையை விரித்துத் தினமும் மாற்றுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி மாட்டலாம். புண்ணில் மஞ்சளோ, பினாயிலோ, மண்ணெண்ணெயோ வேண்டாம்.

பன்னிரண்டு வயது ஜூலிக்கு மண்ணீரலில் கட்டி என்று எடுத்தோம். ரிப்போர்ட்டில் ரத்தநாளப் புற்று. மறுபடி உள்ளே ரத்தம் கசிகிறதாம். இன்னொரு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகவா? (மண்டபம்)

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

இந்தப் புற்றுநோயில் ஆபரேஷன் மட்டும் செய்த நாய்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் இருக்கின்றன. கசிவு தையலிலிருந்து என்றால் திரும்பத் திறப்பதில் பொருள் இருக்கிறது. கல்லீரலில் பரவிய கட்டியிலிருந்து என்றால், மதுரைக்கும் மண்டபத்துக்கும் அலைவதில் ஜூலிக்கு மிஞ்சுவது வண்டிக் குலுக்கல்தான். இந்த ஒரு கேள்வியை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: "ரத்தம் எங்கேயிருந்து வருகிறது?" ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் பதில் என்றால், ஊசி போட்டு அனுப்பிவைப்பதைக் கொலை என்று உங்கள் மனது சொல்ல வேண்டாம். மயக்க மருந்துதான் அது, அளவு கூடுதல். தூங்கிய பிறகுதான் மூச்சு நிற்கும். முடிந்தால் டாக்டரை வீட்டுக்கு அழையுங்கள், அவள் படுக்கும் திண்ணையிலேயே நடக்கட்டும். அந்த மருந்து உடம்பில் தங்கும் என்பதால் வேறு நாய்கள் தோண்டாத ஆழத்தில், குடிதண்ணீர் ஊற்றிலிருந்து தள்ளிப் புதையுங்கள்.

தையல் பிரித்தாயிற்று. எப்போது கடலில் விடலாம்? உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்கிறார்களே. (ஏர்வாடி)

ஆறாத தையலைக் கடல் தண்ணீர் ஊற வைத்துப் பிரிக்கும், மணலையும் கிருமியையும் உள்ளே விடும். பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வாரம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். முதல் நாள் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.