மறைந்த முன்னோடிகளுக்கு நினைவு மலர்: பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் கணக்காளர் சங்கத்துக்கு 60 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மறைந்த முன்னோடிகளுக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவரவும், அவர்கள் பெயரில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்தவும் நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பொறுப்பு என்னிடம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதிலேயே தகராறு வந்துவிட்டது. எப்படித் தொடங்குவது? சொற்பொழிவுக்கு எவ்வளவு நிதி வேண்டும்?

பதில்: பெயர்களில் தகராறு வந்திருக்கிறது என்றால், விதியை எழுதாமலே பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்றுதான் தெரிகிறது. இதுவரை சேர்த்த பெயர்களை ஒதுக்கி வையுங்கள். யாருடைய பெயரும் மேசையில் இல்லாதபோதே தகுதி விதியைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சரிபார்க்கக்கூடிய விதியாக இருக்க வேண்டும்: சங்கத்தின் அமைப்பு விதிகளில் முதலில் கையெழுத்திட்டவர்கள், முதல் 10 ஆண்டுகளில் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள், முதல் பாடத்திட்டத்தையோ தேர்வையோ அமைத்தவர்கள் என்பது போல. ‘தொழிலுக்குச் சிறந்த பங்களிப்பு செய்தவர்கள்’ என்று எழுதினால் அடுத்த கூட்டத்திலும் இதே சண்டைதான். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களைச் சேர்ப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பெயர் வெளிவந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் அது கொள்கை பற்றிய பேச்சாக இருக்காது, ஒரு குடும்பத்தைப் பற்றிய பேச்சாகிவிடும்.

விதியில் பலர் கோட்டை விடும் இடம், சங்கம் பிறந்த ஆண்டையே தொழில் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949இல் சட்டத்தால் உருவானது. இந்தியாவின் முதல் பெண் கணக்காளராக அறியப்படும் ஆர். சிவபோகம் தேர்ச்சி பெற்றதோ அதற்கு முன்பே, 1933இல். ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன் நகரங்களின் சங்கங்கள் தனித்தனியே தொடங்கி, 1951இல்தான் ஒன்றாயின. அங்கே முன்னோடிகளைத் தேடுபவர் மூன்று பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். உங்கள் சங்கத்துக்கும் முன்னோடி அமைப்பு ஏதாவது இருந்ததா, வேறொன்று வந்து இணைந்ததா என்று பாருங்கள். இணைப்பின்போது உறுப்பினர் எண்களை மாற்றியிருந்தால், பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கம் பக்கமாக இருக்கும் ஒரு அட்டவணை இல்லாமல் வேலை நகராது.

உறுப்பினராகச் சேர்க்கப்படாதவர்களும் உண்டு. மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891இல் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். அவரை ஏற்றுக்கொண்டது 1920இல். உறுப்பினர் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அவருடைய கதை 1920இல் தொடங்கும். நிராகரித்த விண்ணப்பங்கள் கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில்தான் கிடக்கும்.

இனி தேடும் முறை. தணிக்கையில் நீங்கள் தினமும் செய்வதுதான்: பட்டியலிலிருந்து ஆவணத்துக்குப் போனால் இருக்கும் பெயர் சரியா என்று தெரியும், ஆவணத்திலிருந்து பட்டியலுக்கு வந்தால்தான் விடுபட்ட பெயர் தெரியும். நினைவு மலர்களில் முதல் திசை மட்டும் நடக்கிறது. மூத்தவர்கள் நினைவில் வந்த பெயர்களைச் சொல்வார்கள், அதைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் தலைவர்கள் எல்லாரும் இருப்பார்கள்; 12 ஆண்டுகள் சத்தமில்லாமல் பொருளாளராக இருந்தவர் இருக்கமாட்டார். முதல் மினிட் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படித்து, விதிக்குள் வரும் ஒவ்வொரு பெயரையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். பிறகு ஆண்டறிக்கைகள், பழைய இதழ்கள், தேர்வுக் குழுக் கோப்புகள். மூத்தவர்களிடம் கடைசியில் போங்கள். கையில் பட்டியல் இருந்தால் அவர்களுக்கும் நினைவு நன்றாக வரும்.

மினிட் புத்தகத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘உறுப்பினர்கள் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினர்’ என்ற இரங்கல் தீர்மானத்தின் மேலே இருப்பது கூட்டம் நடந்த தேதி. மறைவு அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியது. அந்தக் கூட்டத் தேதியையே மறைந்த தேதியாக அச்சிட்டுவிட்டால், குடும்பத்தார் மலரைப் பிரித்ததும் கண்ணில் படுவது அதுதான்.

இதைவிடப் பெரிய விபத்து, உயிரோடு இருப்பவரை அமரர் ஆக்குவது. ‘பதிவேட்டிலிருந்து நீக்கம்’ என்றால் மறைவு என்று பொருளில்லை. சந்தா பாக்கி, ஓய்வு, இடம்பெயர்வு எதுவாகவும் இருக்கலாம். அனுப்பிய கடிதம் திரும்பி வந்ததும் சான்றாகாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சான்று வையுங்கள்: ஒன்று குடும்பத்தாரிடமிருந்து அல்லது இறப்புச் சான்றிதழ், மற்றொன்று சங்க ஆவணம் அல்லது அந்தக் காலச் செய்தித்தாள். இரண்டும் கிடைக்காதவரை ‘மறைந்தவர்’ என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள். ‘தொடக்கக்கால உறுப்பினர்கள்’ என்ற பொதுப் பட்டியலில் வைக்கலாம். அதில் யாருக்கும் மனக்கசப்பு வராது. ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் எந்தச் சங்கத்திலும் இருப்பார்கள். அவர்களை உறுப்பினர் எண்ணால் மட்டும் பிரித்தறியுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண்களின் பெயரை இரு வடிவிலும் தேடுங்கள்.

வாழ்க்கைக் குறிப்புகளை ஒவ்வொருவருக்கும் 120 முதல் 150 சொற்களுக்குள் நிறுத்துங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு. ‘அயராது உழைத்தார், பண்பாளர்’ என்பது யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டும். ‘தொலைதூர மாணவர்களுக்காக அஞ்சல்வழிப் பயிற்சித் தாள்களைத் தயாரித்தார்’ என்பது ஒருவருக்கு மட்டுமே ஒட்டும். மறைந்தவர் தொடங்கிய தணிக்கை நிறுவனத்தாரிடம் எழுதித் தரச் சொன்னால், குறிப்பு பாதியில் நிறுவன விளம்பரமாக மாறிவிடும். தகவலை அவர்களிடம் வாங்குங்கள். எழுதுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நோய், வீட்டு முகவரி, சொத்து எதுவும் வேண்டாம். அச்சுக்கு முன் குடும்பத்தாருக்கு அனுப்பி, 15 நாள் அவகாசம் தந்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

புகைப்படம் பெரும்பாலும் குழுப் படத்திலிருந்துதான் கிடைக்கும். அதில் ஒரு முகம் 8 மில்லிமீட்டர் அகலம் என்றால், 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேனில் அது ஏறக்குறைய 190 பிக்சல். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ கணக்கில் 16 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக்க முடியாது. 1200 டிபிஐ வைத்தால் 32 மில்லிமீட்டர்வரை போகலாம், அதற்குமேல் காகிதத்தின் புள்ளிகள்தான் பெரிதாகும். செயலியில் முகத்தைத் ‘தெளிவாக்க’ வேண்டாம். அது இல்லாத கண்ணையும் மூக்கையும் வரைந்து வைக்கும். சிறிய படமாக இருந்தாலும் அவர் முகமாக இருக்கட்டும்.

சொற்பொழிவு நிதிக்கு வருவோம். அடுத்தவர் பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் தங்கள் சங்கத்து அறக்கட்டளையில் சறுக்குவது வேடிக்கைதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. 10 லட்சம் வைப்பு, 7 சதவீத வட்டி, ஆண்டுக்கு 70,000 வருகிறது, அதைச் செலவிடலாம் என்று தீர்மானம் போடுவார்கள். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் 14 ஆண்டுகளில் அந்த 70,000இன் மதிப்பு பாதியாகிவிடும். நிதி தேயாமல் இருக்க, 7இல் 5ஐ மூலதனத்திலேயே சேர்த்துவிட்டு 2 சதவீதம் மட்டும் எடுக்க வேண்டும். அதாவது 10 லட்சத்துக்கு முதல் ஆண்டு 20,000. ஆண்டுக்கு 50,000 செலவாகும் சொற்பொழிவுக்கு 25 லட்சம் வேண்டும்.

அவ்வளவு சேராது என்றால் ‘நிரந்தர’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 10 ஆண்டுகளுக்கு மட்டும், ஆண்டு முடிவில் முதல் முறை 50,000, பிறகு ஆண்டுதோறும் 5 சதவீதம் கூட்டி எடுப்பதாக வைத்தால், அதே 7 சதவீத வட்டியில் இன்று சுமார் 4.3 லட்சம் போதும். வட்டி விழுந்தால் தொகை மாறும். வரியைத் தனியே கழித்துப் பாருங்கள். எனக்கென்னவோ, தேய்ந்துபோகும் நிரந்தர அறக்கட்டளையைவிட, ஒழுங்காக நடந்து முடியும் 10 ஆண்டுத் தொடர்தான் மறைந்தவருக்கு மரியாதை. தனித்தனிப் பெயரில் 20 அறக்கட்டளை வைப்பதற்குப் பதிலாக ஒரே பொது நிதி வைத்து, ஆண்டுக்கு ஒரு முன்னோடியின் பெயரில் சொற்பொழிவு நடத்துவதும் நல்ல வழி.

அறக்கட்டளைப் பத்திரத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: ஒரு ஆண்டு சொற்பொழிவு நடக்காவிட்டால் அந்தத் தொகை மூலதனத்தில் சேரும், சங்கம் வேறொன்றோடு இணைந்தால் நிதியும் பெயரும் புதிய அமைப்புக்குப் போகும், நோக்கத்தை மாற்றப் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இவை உங்கள் நாட்டு அறக்கட்டளைச் சட்டத்துக்கு ஒத்துவருகின்றனவா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு, பிறகு நன்கொடை வாங்கத் தொடங்குங்கள்.