டைல்ஸைத் திருப்பிப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இந்தப் பக்கத்துல, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள்ள இருக்கற ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போனதையும், அந்த வீட்டுக்காரர் பல வருசமா சேத்து வச்சிருக்கற பழைய பூ டைல்ஸைப் பாத்ததையும் நாலு வரி எழுதியிருந்தேன். போற போக்குல எழுதினதுங்க. அதுக்கு வந்து குமிஞ்ச லெட்டரையும் வாட்ஸ்அப்பையும் பாத்தா கொங்கு நாட்டுல பாதி வீட்டுச் செவுத்துல மயில் டைல்ஸ் இருக்கும் போல. அதனால சினிமா, அரசியல், சக்கரை வியாதி கேள்வி அனுப்புனவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க. இந்த வாட்டி முழுக்க டைல்ஸ்தான்.

அந்த வீட்டு அட்ரஸும் போன் நம்பரும் குடுங்க. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போய்ப் பாத்துட்டு வந்தர்றோம். (வாசகி, தாராபுரம்)

தரமாட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க. அது மியூசியம் இல்ல, ஆள் குடியிருக்கற வீடு. ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கும் ஒறம்பரை வர்ற நாள். நானே எங்க மாமன் ஒருத்தர் சொல்லி, அவர் இன்னொருத்தர்கிட்டச் சொல்லி, ரெண்டு மாசம் கழிச்சு "வெடியால பத்து மணிக்கு வாங்க, நாலு பேருக்கு மேல வேண்டாம்"னு பதில் வந்துதான் போனேன். உங்க ஊர்ப் பக்கமும் இப்படிச் சேக்கறவங்க ஒருத்தராச்சும் இருப்பாங்க, பழைய வீட்டு வேலை பாக்கற கொத்தனார்கிட்டயோ மரச்சாமான் கடைக்காரர்கிட்டயோ விசாரிங்க, கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

அப்படிப் போனா சில விசயம் மனசுல வச்சுக்கங்க. மொதல்ல காப்பி வரும், குடிங்க, "இப்பத்தானுங்க குடிச்சோம்"னு சொல்லிட்டு நேரா டைல்ஸ் கிட்டப் போனா அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும். கையில மோதிரம், வளையல் இருந்தா கழட்டிப் பையில போட்டுக்கங்க, டைல்ஸ் மேல பட்டா கீறல் விழும். எடுத்துப் பாக்கச் சொன்னா ரெண்டு கையாலயும் அடியில தாங்கி, கீழ கோணிச்சாக்கு விரிச்ச மேசைக்கு மேலயே வச்சுப் பாக்கணும், நின்னுக்கிட்டு ஒத்தக் கையால ஓரத்தைப் புடிச்சுத் தூக்கப்படாது. போட்டோவுக்குக் கேட்டுக்கங்க. பிளாஷ் பட்டா மேல இருக்கற கிளேஸுக்கு, அதாவது சூளையில சுட்டு ஏத்துன கண்ணாடி மாதிரிப் பூச்சுக்கு, ஒன்னும் ஆகாது, ஆனா வீட்டு வாசலைக் காட்டி, ஊர்ப் பேரையும் போட்டு ரீல்ஸ் விட்டீங்கன்னா அன்னிக்கே திருடனுக்குப் பத்திரிகை வச்ச மாதிரி.

அப்பறம் முக்கியமானது ஒன்னு, வெலை கேக்காதீங்க. என்கூட வந்த சிநேகிதர் மூணாவது டைல்ஸ்லயே "இது என்ன வெலை போகுமுங்க?"ன்னு கேட்டுப்போட்டார். வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், "வெலையைச் சொல்லிட்டேன்னா நீங்க பாக்க மாட்டீங்க, கணக்குத்தான் போடுவீங்க"ன்னு. அதுக்கப்பறம் அரை மணி நேரம் அவர் பொட்டியே திறக்கல.

எங்க அப்பாரு 1936ல கட்டுன வீடு. ஆசாரத்துச் செவுத்துல இடுப்பு உசரத்துக்கு மயிலும் ரோஜாவுமா டைல்ஸ், நடுவுல லட்சுமி. ஊர்ல எல்லாரும் ஆத்தங்குடிங்கறாங்க. பங்காளி ஒருத்தர் இங்கிலாந்துன்னு அடிச்சுச் சொல்றார். எது சரி? (வாசகர், காங்கயம்)

பங்காளி பேச்சுல நான் குறுக்க வரக் கூடாதுதான், ஆனா நீங்களே கேட்டுட்டீங்க. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிச் சரக்கு இல்லவே இல்லீங்க. ஆத்தங்குடிக் கல்லு சூளைக்கே போறதில்ல. கண்ணாடித் துண்டு மேல சட்டம் வச்சு, அதுக்குள்ள டிசைன் அச்சை வச்சு, கலர் கலந்த சிமெண்டைக் கரண்டியால ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தி, அச்சை மெதுவா எடுத்துட்டு, காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, மேல கலவையைப் போட்டு மூடி, காய வச்சு, தண்ணித் தொட்டியில நாள் கணக்கா ஊறப்போடுவாங்க. கண்ணாடி கழண்டு வரும்போது அதோட வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். பூக்கல்லுன்னு சொல்வாங்க, தரைக்குப் போடறது. கால் படப்பட, எண்ணெத் துணி போட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். தடவுனா ஒரே மட்டமா இருக்கும்.

இப்ப உங்க மயிலைக் கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க. தோகை மேடா கைக்குத் தட்டுப்படுதுங்களா, கோட்டுக்குக் கோடு வரப்பு கட்டுன மாதிரி? அந்த வரப்புதான் சூட்சுமமே. காஞ்ச களிமண் பொடியை இரும்பு அச்சுல வச்சு அமுக்கி, ஒரு தரம் சுட்டு, வரப்புக்குள்ள ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கலர் கிளேஸை விட்டு, மறுபடியும் சுடறாங்க. வரப்பு இருக்கறதால பச்சையும் சேப்பும் ஒன்னோட ஒன்னு கலக்காது, பள்ளத்துல கிளேஸ் தேங்கி அங்க மட்டும் கலர் கெட்டியாத் தெரியும், அதனாலதான் ஒரே இதழ்ல ஓரம் வெளுப்பாவும் நடு இருட்டாவும் நெழல் விழுந்த மாதிரி இருக்கும். பிரஷ் வச்சு யாரும் நெழல் போடல, கிளேஸ் தானாப் போட்டுக்கிட்ட நெழல்.

இந்த அச்சு முறை இங்கிலாந்துல பொறந்ததுதான், அந்தளவுக்கு உங்க பங்காளி சொன்னது சரி. 1840ல ரிச்சர்ட் பிராசர்ங்கறவர் காப்புரிமை வாங்குனார், ஸ்டோக் ஊர்ல பீங்கான் கம்பெனி வச்சிருந்த ஹெர்பர்ட் மின்டன் அதைக் கையில எடுத்த பின்னாடிதான் டைல்ஸ் மளமளன்னு வர ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுக்கும் கப்பல்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. 1914ல மொத உலகச் சண்டை வந்தது, இங்கிலாந்துச் சரக்கு கொறஞ்சு போச்சு, அந்தச் சந்துல ஜப்பான்காரன் உள்ள வந்துட்டான். அவாஜித் தீவுல டான்டோ கம்பெனி, நகோயா பக்கத்துல சில கம்பெனிங்க, மொதல்ல இங்கிலாந்து ரோஜாவை அப்படியே காப்பி அடிச்சாங்க, பொறவு எந்த ஊருக்கு எது போகும்னு பாத்துப் பாத்து அச்சு வெட்டுனாங்க. தைவானுக்குப் பழக்கூடை, நமக்கு லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன். அந்த லட்சுமியும் சரஸ்வதியும் ரவி வர்மா பிரஸ் காலண்டர் படத்தைப் பாத்துச் செஞ்ச சாயல்ல இருப்பாங்க. அப்ப உங்க வீட்டு லட்சுமியோட மொகத்துல கேரளத்து ஓவியம், மேல ஜப்பான் கிளேஸ், இருக்கறது காங்கயத்துல. 1936, அதோட சாமி படமும் இருக்குன்னா நான் ஜப்பான் பக்கம்தான் கை தூக்குவேன்.

இன்னொன்னும் சொல்லணும். நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்டு வந்து, கோயமுத்தூர் சுத்துல மில்லுக மேல மில்லா எழும்பி, பருத்திக் காசு கையில பொரண்ட காலம் அது. இந்தியப் பருத்தியை அப்ப ஜப்பான் அள்ளிக்கிட்டுப் போச்சு, துணி வரித் தகராறுல 1933ல வாங்கறதையே நிறுத்திப்போட்டு 1934ல ஒப்பந்தம் போட்டு மறுபடி வாங்குனாங்க. பருத்தி ஏத்துன கப்பல்லயே உங்க மயிலு வந்துச்சுன்னு நான் சொல்ல வரலீங்க, ஆனா அப்படி நெனச்சுக்க எனக்குப் பிடிச்சிருக்கு.

சரி, உறுதியாத் தெரிஞ்சுக்க என்ன பண்றது? முதுகைப் பாக்கணும். அங்கதான் செவுத்து டைல்ஸுக்கும் சேகரிப்புக்கும் வித்தியாசமே. செவுத்துல இருக்கறது மொகத்தை மட்டும்தான் காட்டும். அந்தப் பொள்ளாச்சி வீட்ல அவர் ஒவ்வொன்னையும் எடுத்து மொகத்தை ஒரு நொடி காட்டிட்டு உடனே குப்புறத் திருப்பி வச்சிடுவார், எனக்கு மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு, அப்பறம்தான் புரிஞ்சுது. பின்னாடி கலவை புடிச்சு நிக்கறதுக்குக் கட்டம் கட்டமா மேடு வச்சிருக்காங்க, அதுக்கு நடுவுல "மேட் இன் ஜப்பான்"னோ கம்பெனி முத்திரையோ அச்சா இருக்கு. டான்டோன்னா டி.கே. எழுத்து. இங்கிலாந்துச் சரக்குல 1890க்கு அப்பறம் "இங்கிலாந்து"ன்னு போட ஆரம்பிச்சுட்டாங்க, ஏன்னா அந்த வருசம் அமெரிக்காக்காரன் நாட்டுப் பேர் இல்லாத சரக்கு வரக்கூடாதுன்னு சட்டம் போட்டான். இதுக்காக நீங்க செவுத்தைப் பேக்க வேண்டாம். அந்தக் காலத்துல கொத்தனாருக ஒடைஞ்சா மாத்தறதுக்குன்னு நாலஞ்சு உபரி வச்சுட்டுப் போவாங்க. அட்டாலி மேல, குதிருக்குப் பின்னாடி, பொடக்காளியில தண்ணிக்கொடம் வைக்கற எடத்துல தேடுங்க. கெடச்சா பங்காளியைக் கூப்புட்டு வச்சுத் திருப்புங்க, தனியாத் திருப்புனா நம்ப மாட்டார்.

வெள்ளையடிக்கும்போது டைல்ஸ் மேலல்லாம் சுண்ணாம்பு சொட்டிக் காஞ்சு போச்சு. பாத்ரூம் ஆசிட் போட்டா போயிரும்னு பெயிண்டர் சொல்றார். போடலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டவே வேண்டாமுங்க. சுண்ணாம்பு போகும், கூடவே பளபளப்பும் போயிரும். பழைய கிளேஸுல பல கலருல ஈயம் இருக்கும், ஆசிட் அதைத் தின்னுரும். பூக்கல்லுத் தரையா இருந்தா இன்னும் மோசம், சிமெண்டே பொங்கி வரும். ஈரத் துணியை மேல ஒட்டி ராத்திரி பூரா விட்டுட்டு, மறுநா மரக்கரண்டியோ பழைய ஏடிஎம் கார்டோ வச்சு மெதுவாச் சுரண்டுங்க. போகாததை மறுபடி ஊற வைங்க. ஸ்டீல் நார் கிட்டயே கொண்டு வரப்படாது.

பழைய வீட்டை இடிச்சுட்டு அபார்ட்மெண்ட் கட்டப் போறோம். அண்ணன் தம்பி எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. டைல்ஸை ஒடையாம எடுக்க முடியுமா? (வாசகர், திருப்பூர்)

கையெழுத்துப் போட்டாச்சுங்கறீங்க, இனி நான் என்னத்தைச் சொல்ல. எடுக்க முடியும், எதுல ஒட்டியிருக்குங்கறதைப் பொறுத்து. சுண்ணாம்புக் கலவையா இருந்தா பெரும்பாலும் வரும், பின்னாளுல யாராவது சிமெண்டு வச்சு ஒட்டியிருந்தா பாதிக்குப் பாதி ஒடையும். முன்னாடி நின்னு உளியை வச்சு நெம்புனா ஓரம் பேந்துரும். பின்பக்கத்துச் செங்கல்லை மேல இருந்து ஒவ்வொன்னா எடுத்துட்டு வந்து, கடைசியில டைல்ஸைக் கலவையோட தனியா விடுவிக்கறதுதான் நல்ல வழி, நேரம் ஆகும், கூலியும் ஆகும். அதுக்கு முன்னாடி செவுத்தை நேரா நின்னு போட்டோ எடுத்து, ஒவ்வொன்னு மேலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு வைங்க, இல்லைன்னா மயிலோட தலை ஒரு பக்கம் தோகை ஒரு பக்கம் போயிரும். முதுகுல ஒட்டுன கலவையைத் தண்ணியில ஊறப்போட்டு எடுக்கணும், கிரைண்டர் மெஷின் போட்டு அறுக்காதீங்க, அந்தத் தூசியில ஈயம் கலந்திருக்கும், கொழந்தைக இருக்கற எடத்துல ரொம்பக் கெடுதல்.

பழைய சாமான் வியாபாரி மொத்தமா ஒரு தொகை சொல்லுவான், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இந்த மாதிரிச் சரக்கு கடை கடையா அடுக்கி இருக்கறதை நான் பாத்திருக்கேன். அந்தப் பொள்ளாச்சிக்காரர் சேகரிப்புல பாதி இப்படி இடிச்ச வீட்டுல இருந்து வந்ததுதான், அவரே சொன்னார், "வீடு நின்னிருந்தா எனக்கு இதுல ஒன்னுகூட வேண்டாமுங்க"ன்னு. ஒரு பத்து டைல்ஸையாச்சும் புது வீட்டுப் பூஜை ரூம் செவுத்துல பதிச்சுக்கங்க. லிப்டுக்குப் பக்கத்துல பதிச்சாலும் சரி.

தெரிஞ்சவங்க யாரும் இல்லாதவங்க இதையெல்லாம் எங்க போய்ப் பாக்கறது? (வாசகர், கரூர்)

காரைக்குடிப் பக்கம் போங்க, கானாடுகாத்தான்லயும் ஆத்தங்குடியிலயும் டிக்கெட் வாங்கிட்டு உள்ள விடற வீடுக இருக்கு. ஆத்தங்குடிப் பட்டறையில கல்லு ஊத்தறதையே நின்னு பாக்கலாம், நான் போனா அங்கதான் ரொம்ப நேரம் நிப்பேன். இந்தப் பக்கம்னா பாலக்காடு தாண்டிக் கொச்சி, மட்டாஞ்சேரி யூதர் கோயில். 1568ல கட்டுன கோயில், 1762ல சீனாவுல இருந்து நீலமும் வெள்ளையுமா கையால வரைஞ்ச டைல்ஸ் கொண்டாந்து தரை பூராப் போட்டாங்க. சனிக்கிழமை போயிராதீங்க, மூடியிருக்கும். காசும் விசாவும் இருக்கறவங்க ஜப்பான்ல டோகோனாமே டைல்ஸ் மியூசியம், தைவான்ல சியாயி ஊர் மியூசியம்னு போகலாம், லண்டன் போனா லெய்டன் ஹவுஸ், 1870கள் கடைசியில ஒரு ஓவியர் தன் வீட்டுக்குள்ள டமாஸ்கஸ் டைல்ஸ் பதிக்கறதுக்குன்னே ஒரு ஹாலைக் கட்ட ஆரம்பிச்சார். சேக்கற கிறுக்கு எல்லா ஊர்லயும் இருக்குது.

ஒரே ரோஜா டிசைன்ல எட்டு டைல்ஸ் வச்சிருக்கார்னு எழுதியிருந்தீங்க. ஒரே மாதிரி எட்டு எதுக்குங்க? (வாசகி, அவிநாசி)

நானும் இதையேதான் கேட்டேன். அவர் ஒன்னும் பேசாம ஒவ்வொன்னா எடுத்து வரிசையா வச்சார். ஒன்னு இங்கிலாந்து, மிச்சம் ஜப்பான் காப்பி, அதுலயும் ஒன்னுல வரப்பு ஒசரம், ஒன்னுல தாழ்ந்து கலர் வழிஞ்சு பக்கத்து எலைக்குள்ள போயிருச்சு. ஒன்னு கோபிப் பக்கம் ஒரு சமையக்கட்டுல இருந்து வந்தது, வெறகடுப்புப் பொகையில வெள்ளையெல்லாம் பழுப்பாக் கெடக்குது, அதை அவர் கழுவ மாட்டாராம். ஒன்னுல சாமி படம் மாட்ட ஆணி அடிச்ச ஓட்டை. ஒன்னு பாதிதான் இருக்கு, கடப்பாரை பட்டது. பாத்துக்கிட்டே வந்தேன், ஏழுதான் இருந்துச்சு. எட்டாவது எங்கீங்கன்னு கேட்டா, அவங்க வீட்டு அம்மா இருந்த பக்கம் கையைக் காட்டுனார். அந்தம்மா அது மேலதான் சுடச்சுடக் காப்பி டபராவை வச்சுட்டு உக்காந்திருந்தாங்க.