வேலையிடத்தில் தொழில் கற்றுக்கொடுப்பது: கேள்வி பதில்

தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி (சூப்பர்வைசர், பம்ப் கம்பெனி): சீனியர்கள் தொழில் நுணுக்கத்தை ஜூனியர்களுக்குச் சொல்வதே இல்லை. என்ன செய்யலாம் சார்?

பதில்: சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்மை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்ததும் சீனியரை ஓரங்கட்டிய கம்பெனிகள் இருக்கின்றனவே! அதனால் முதலில் சீனியரின் வேலைக்கு உறுதி கொடுங்கள். அப்புறம் அவர் பெயர் வெளியே தெரியட்டும். ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் 'யுரேகா' என்றொரு ஏற்பாடு செய்தது. காப்பியர் மிஷின் பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் கண்டுபிடித்த வழிகளை அதில் எழுதினார்கள். அனுபவசாலிகள் சரிபார்த்த பிறகு, எழுதியவரின் பெயரோடு அந்தக் குறிப்பு எல்லோருக்கும் போனது. உங்கள் பிரிவில் இதற்கு ஒரு நோட்டும் ஒரு சுவர்ப்பலகையும் போதும்.

கேள்வி: வாராவாரம் பயிற்சிக் கூட்டம் போடுகிறோம். யாரும் வாயே திறப்பதில்லை.

பதில்: நிறுத்திவிடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது, மிஷின் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்று அன்றைய பழுதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சு தானாக வரும்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்தவர்): சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள் அண்ணா.

பதில்: நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள் தம்பி. "பெல்ட்டை மாத்திட்டேன், சத்தம் போகல. பேரிங்கா இருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஆனால் தப்பு உங்களுடையது இல்லை. ஒருமுறை "இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பையன் கேட்காமலே மிஷினில் கை வைப்பான். சூப்பர்வைசர்கள் இதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஃபோர்மேன் சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார். தெரிந்ததை எழுதித் தரச் சொன்னோம். அரைப் பக்கம்தான் வந்தது.

பதில்: கையில் இருக்கும் தொழில் காகிதத்தில் இறங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நான்கு படிகளாகக் கற்றுக்கொடுத்தார்கள்: ஆளைத் தயார்படுத்துவது, செய்துகாட்டுவது, அவரையே செய்யவைப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது. நம் ஊரில் பல இடங்களில் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவதுதான் முக்கியம். ஜூனியர் பிரித்து மாட்டட்டும், ஃபோர்மேன் பக்கத்தில் நிற்கட்டும். "அந்த போல்ட்டை இப்போ இறுக்காதே" என்று அப்போதுதான் அவர் வாயில் வரும். அதை ஜூனியர் குறித்துக்கொள்ளட்டும். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். அந்த வாரம் வழியனுப்பு விழாவிலும் பி.எஃப். கையெழுத்திலும் போய்விடும்.